நாலு மணி டீயும் மண்டபம் கேம்ப்பும்

போன எபிசோடில் பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசினோம். 1914-ல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், ரெண்டையும் பார்த்தோம். கேட்டவர்களில் நிறையப் பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போறவங்களுக்காகவா வெள்ளைக்காரன் கடல் மேல ரயில் விட்டான்?"

யாத்திரை போனவர்களுக்கு அந்தப் பாலம் பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவ்வளவு பணத்தைக் கடலில் கொட்டுவதற்கு முக்கியமான காரணம் அக்கரையில் இருந்தது. இலங்கையில். அதை விளக்க இன்றைக்கு நான் கடலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரு டீ மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னடா இது, ராமநாதபுரத்துக்காரன் இங்கிலீஷ் டீ பற்றிப் பேசுறானேன்னு நினைக்காதீங்க. கடைசியில் மண்டபம் ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்துவிடுவோம்.

மூன்று தட்டு

போன ஜனவரியில் நான் நுவரெலியா போயிருந்தேன். மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து ரயிலில் நானுஓயா ஸ்டேஷன். அப்புறம் மலைப்பாதையில் கொஞ்ச தூரம். எங்க அப்பத்தா பிறந்த தோட்டம் தலவாக்கலை பக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த மலையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். டீ குடிப்பது திட்டத்திலேயே இல்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கிற ஊர். வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வெயிலுக்குப் பயந்து ஏறிவந்து, தங்கள் ஊரை அப்படியே நட்டுவைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். கோல்ப் மைதானம், குதிரைப் பந்தயம், சாய்ந்த கூரை போட்ட வீடுகள். அங்கே கிராண்ட் ஓட்டல் என்று ஒன்று இருக்கிறது. கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸின் மலை வீடாக இருந்து, பின்னாளில் ஓட்டலாக மாறிய கட்டடம். சாயங்காலம் அங்கே ஆங்கில முறைப்படி டீ பரிமாறுகிறார்கள். கூட வந்த நண்பர், "வரலாறு பேசுறவன், இதையும் ஒரு தடவை பார்த்துடு" என்று இழுத்துக்கொண்டு போனார்.

தாழ்வான மேசை, வெள்ளைத் துணி. முதலில் பீங்கான் கோப்பை, சாசர், ஒரு குட்டி வடிகட்டி வந்தன. பிறகு கெட்டில். அப்புறம்தான் அந்த மூன்று அடுக்குத் தட்டு. கீழ்த்தட்டில் ஓரம் வெட்டிய, விரல் நீளச் சாண்ட்விச்: வெள்ளரிக்காய் வைத்தது, முட்டை வைத்தது. நடுத்தட்டில் ஸ்கோன். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிளந்து ஜாமும் கெட்டி க்ரீமும் தடவித் தின்ன வேண்டும். மேல்தட்டில் குட்டிக் குட்டியாகக் கேக். கீழிருந்து மேலே போவதுதான் முறை. உப்பில் ஆரம்பித்து இனிப்பில் முடிப்பது. ஜாம் முதலிலா, க்ரீம் முதலிலா என்று இங்கிலாந்தில் டெவன் ஜில்லாக்காரர்களுக்கும் கார்ன்வால் ஜில்லாக்காரர்களுக்கும் இன்றைக்கும் தீராத வழக்கு. டெவனில் க்ரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில்.

டீ ஊற்ற வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். "பால் போடட்டுமா சேர்?" என்றார். வேண்டாம் என்றேன். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைப் போட்டுக்கொண்டு, நாக்கால் தொட்டுத் தொட்டு, வெறும் சாயத்தைக் குடிக்க ஆரம்பித்தேன். யோசித்துச் செய்ததில்லை. எங்க வீட்டில் அப்பத்தா அப்படித்தான் குடிக்கும். சின்ன வயதில் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. நண்பர் முகம் சிவந்து, "டேய், இது பெரிய இடம்டா" என்று காதைக் கடித்தார்.

அந்தத் தம்பி மட்டும் சிரித்தார். சேர் என்கிற வார்த்தை போய்விட்டது. "அண்ணே, எங்க பாட்டியும் இப்படித்தான் குடிப்பாங்க. நீங்க எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி அது. நாம் "எந்த ஊரு?" என்று கேட்பது மாதிரி. "ராமநாதபுரம்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எங்களுக்கும் அதுதான் பூர்வீகம்னு சொல்வாங்க" என்றார்.

அந்த மேசையும் எங்க கரையும் எப்படி ஒட்டிக்கொண்டன? அதுதான் இன்றைய எபிசோட்.

பசித்த சீமாட்டியும் தனியாக உட்கார்ந்த பெண்களும்

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்ம பக்கத்து ஓட்டல்களில் இதை "ஹை டீ" என்று எழுதி வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஹை டீ என்றால் வேறு. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடித்து ஆறு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டி, கறி, முட்டையோடு டீ குடிப்பது. அது அவனுடைய ராத்திரிச் சாப்பாடு. பணக்கார வீட்டு நாலு மணி விருந்துக்குப் பெயர் "ஆஃப்டர்நூன் டீ".

அதை ஆரம்பித்துவைத்தவர் என்று ஆன்னா என்கிற பெட்போர்ட் சீமாட்டியைச் சொல்வார்கள். காலம் ஏறத்தாழ 1840. அப்போது பெரிய வீடுகளில் ராத்திரி விருந்து எட்டு மணிக்குத் தள்ளிப்போயிருந்தது. மதியச் சாப்பாடோ லேசானது. நடுவில் சீமாட்டிக்குப் பசி. அறைக்கே டீயும் ரொட்டி வெண்ணெயும் வரவழைத்துச் சாப்பிட்டார், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார், அப்படியே பழக்கமானது என்பது கதை. ஒரே ஆள் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்தார் என்பதை நான் அப்படியே நம்ப மாட்டேன். ஆனால் காலம் பொருந்துகிறது.

வீட்டுக்குள் இருந்த டீ தெருவுக்கு வந்தது இருபத்தைந்து வருஷம் கழித்து. 1864-ல் லண்டனில் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்கிற ரொட்டிக் கம்பெனி தன் கடையிலேயே உட்கார்ந்து டீ குடிக்க இடம் கொடுத்தது. கிளாஸ்கோ நகரத்தில் கேட் கிரான்ஸ்டன் என்கிற பெண்மணி 1878-ல் தன் முதல் தேநீர்க் கூடத்தைத் திறந்தார். லயன்ஸ் கம்பெனி 1894-ல் லண்டன் பிக்காடிலியில் கடை போட்டது, பிறகு ஊர் முழுக்கக் கிளை.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் எதுன்னு கேட்டா, உட்கார்ந்தது யார் என்பதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆண் துணையில்லாமல் வெளியே உட்கார்ந்து சாப்பிட இடமே கிடையாது. சாராயக் கடைக்குப் போக முடியாது. ஓட்டலில் தனியாக உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தேநீர்க் கூடம்தான் அந்தக் கதவைத் திறந்தது. கடைவீதிக்கு வந்த குடும்பத் தலைவியும் தட்டச்சு செய்கிற பெண்ணும் அங்கே போய்க் கால் நீட்டி உட்கார முடிந்தது. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று போராடியவர்கள் கூடிப் பேசிய இடங்களில் தேநீர்க் கூடங்களும் உண்டு. அதனால் இந்த மூன்று அடுக்குத் தட்டை வெறும் பணக்காரப் பகட்டு என்று நான் தள்ளிவிட மாட்டேன். சில பெண்களுக்கு அது சுதந்திரத்தின் நாற்காலி.

ஆனால் தட்டச்சுப் பெண்ணின் சம்பளத்தில் டீ குடிக்க முடியணும்னா, டீ மலிவாக இருக்க வேண்டும். அது எப்போது மலிவானது?

காப்பி செத்த மலை

1840-ல் சீமாட்டி குடித்தது சீனத்து டீ. விலை அதிகம். பிறகு பிரிட்டிஷ்காரர்கள் அசாமில் தேயிலை போட்டார்கள். இலங்கை மலையில் அப்போது இருந்தது காப்பி. 1869-ல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சை நோய் வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை மலையாகக் காப்பி செத்தது. துரைமார் பலர் ஓட்டாண்டி ஆனார்கள்.

நல்லவேளையாக, நோய் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் கண்டி பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்திருந்தார். காப்பி போன இடமெல்லாம் தேயிலை ஏறியது. 1890-ல் தாமஸ் லிப்டன் வந்தார். கிளாஸ்கோவில் மளிகைக் கடை நடத்திப் பெரிய ஆளானவர். நேராகத் தோட்டங்களையே வாங்கிப்போட்டார். நடுவில் இருந்த தரகர்களை ஒதுக்கிவிட்டு, பாக்கெட் போட்டு, மற்றவர்கள் விற்றதில் ஏறத்தாழ பாதி விலைக்குத் தன் கடைகளில் விற்றார். அந்த விலையில்தான் தொழிலாளி வீட்டு ஹை டீயும், தட்டச்சுப் பெண்ணின் நாலு மணி டீயும் ஓடின.

பள்ளிப் புத்தகத்தில் கதை இங்கே முடிந்துவிடும். டெய்லர் நட்டார், லிப்டன் விற்றார். ஆனால் காப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. காப்பிப் பழம் வருஷத்தில் சில மாதம்தான். பறித்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் ஊர் திரும்பிவிடலாம். தேயிலை அப்படி இல்லை. ஒரு செடியில் கொழுந்து எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த கொழுந்து வந்துவிடும். வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, கையால். அதற்கு நிரந்தரமாக மலையிலேயே தங்குகிற குடும்பங்கள் வேண்டும். குறிப்பாகப் பெண்கள் வேண்டும். மலிவாக வேண்டும்.

இப்போ நம்ம கரைக்கு வருவோம்.

தகர டிக்கெட்

ராமநாதபுரம் சீமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் கருவேலும் பனையும்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இங்கேயிருந்து ஆட்கள் கடல் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஆட்களும் இந்த வழியாகப் போனார்கள்.

காப்பிக் காலத்தில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடை. காடு. தண்ணீர் கிடைக்காது. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை.

கூட்டிப் போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர், அதே உறவு. முன்பணம் கொடுப்பார், அது கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய காகிதம் கூடவே போகும். அதற்குப் பெயர் "துண்டு". புதுத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். 1921-ல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்று வந்தது. தகர டிக்கெட். வட்டமான ஒரு தகட்டில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தியிருக்கும். கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ரயிலில், முகாமில், கப்பலில் எங்கே காட்டினாலும் இன்ன தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று தெரிந்துவிடும். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். பார்சலுக்கு லேபிள் ஒட்டுவோம் பாருங்க, அதே வேலைதான்.

பிளேக் நோய்க்குப் பயந்து இடையில் வடக்கு வழியை மூடி, ஆட்களைத் தூத்துக்குடி வழியாக அனுப்பினார்கள். தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. 1914 பிப்ரவரி 24-ம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில். ஒரு டிக்கெட்டில் சென்னையிலிருந்து கொழும்பு போய்விடலாம். அதோடு முகாமும் மண்டபத்துக்கு வந்தது. நீங்க ராமேஸ்வரம் ரயிலில் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். மண்டபம் என்று ஒரு ஸ்டேஷன், மண்டபம் கேம்ப் என்று இன்னொரு ஸ்டேஷன். என்ன கேம்ப் என்று நம்மில் பலர் கேட்டதே இல்லை. நானும் ரொம்ப நாள் ராணுவ முகாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தியா மண்ணில், இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்களைச் சில நாள் அடைத்துவைத்து, துணியை மருந்து நீராவியில் போட்டு, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, நோய் இல்லை என்று தெரிந்தால் கப்பலுக்கு அனுப்புவார்கள். எங்க அப்பத்தாவின் அம்மா அங்கே ஆறு நாள் இருந்ததாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. துணியைத் திருப்பித் தந்தபோது சேலைச் சாயம் போயிருந்தது என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்ததாம்.

ஒரே ரயில், ரெண்டு பயணம்

போட் மெயில் என்கிற பெயரைக் கேட்டாலே நம்ம ஊர்ப் பெரியவர்கள் முகம் மலரும். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. கப்பல் துறையில் ரயில் போய் நிற்கும். அக்கரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

அதே ரயிலில் முதல் வகுப்பில் துரையும் துரைசாணியும் போனார்கள். மூன்றாம் வகுப்பில் தகர டிக்கெட் போட்டவர்கள் போனார்கள். துரைசாணி போய் இறங்கும் பங்களாவில் நாலு மணிக்கு இதே கோப்பை, இதே சாண்ட்விச். தகர டிக்கெட் போய் இறங்குவது லயம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். பிறகு கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறணும்.

பறித்த கொழுந்தை ஆலையில் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் காய்ச்சி, சலித்துப் பிரிப்பார்கள். பெரிய இலை ஆரஞ்சு பெக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது ஒரு தரத்தின் பெயர். அடுத்தது உடைந்த இலை. கடைசியாக, சல்லடையின் அடியில் விழுவது டஸ்ட், தூள். பங்களாவுக்கும் கப்பலுக்கும் போனது மேலே இருந்தது. பறித்தவர்கள் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் அடியில் இருந்தது. பால் எங்கே? சாயத் தண்ணி, உள்ளங்கையில் சீனி. சீனியைக் கோப்பையில் கரைத்தால் நிறையச் செலவாகும். கையில் வைத்து நக்கினால் ஒரு கரண்டி, ரெண்டு பேருக்கு வரும். அப்பத்தா சொன்ன கணக்கு இது.

1927-ல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதிலேயே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கொழுந்து எடுத்ததோ பெரும்பாலும் பெண்கள்.

1930-களில் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் ஆறு லட்சத்துக்கு மேல். 1939 ஆகஸ்ட்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலி ஆட்கள் போவதைத் தடை செய்தது. அதற்குள் போனவர்கள் அங்கேயே வேர்விட்டிருந்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் போனது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்க. லண்டன் தேநீர்க் கூடத்தில் உட்கார்ந்து ஓட்டுக் கேட்ட பெண்களுக்கு 1918-லும் 1928-லுமாக அது கிடைத்துவிட்டது. அவர்கள் குடித்த கோப்பைக்கு இலை பறித்துக் கொடுத்த குடும்பங்களின் பெண்களுக்கு, கையில் இருந்த ஓட்டே பறிபோனது. எங்க அப்பத்தாவும் அதில் ஒருத்தி. ரெண்டும் டீயின் வரலாறுதான். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியில்லை என்பது என் கட்சி.

திரும்பி வந்த கப்பல்

1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களை மூட்டை மாதிரிப் பிரித்த கணக்கு.

சரியாக எட்டு வாரம் கூட ஆகவில்லை. டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலே கடலுக்குள் போனது. கப்பல் துறை, ஸ்டேஷன், தபாலாபீஸ் எல்லாம் முடிந்தது. தாத்தா பாட்டி எந்தத் துறையில் கப்பல் ஏறிப் போனார்களோ, பேரப்பிள்ளைகள் திரும்பும்போது அந்தத் துறை இல்லை. அவர்கள் வந்த கப்பல் ராமேஸ்வரத்தில் நின்றது.

அப்பத்தா வந்தது 1971. எங்க அப்பாவுக்கு ஒன்பது வயது. கையில் பேமிலி கார்டு, ஒரு தகரப் பெட்டி, ரெண்டு அலுமினியப் பாத்திரம், ஒரு பொட்டலம் தேயிலைத் தூள். இறக்கி எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? மண்டபம் கேம்ப். தன் அம்மா ஆறு நாள் அடைந்து கிடந்த அதே இடம். ஊர் என்று சொல்லிக் கேட்டதைத் தவிர ஊரைப் பார்த்திராத பொம்பளை, ஊருக்கு "திரும்பி" வந்தது.

அப்பத்தாவின் தங்கை குடும்பம் நீலகிரிக்குப் போனது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968-ல் அங்கே தேயிலை போட ஆரம்பித்திருந்தது. 1976-ல் அது டான்டீ என்கிற அரசுக் கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறை என்று தோட்டங்கள். ஆக அவர்கள் மறுபடி கூடையை மாட்டினார்கள். அப்பத்தா மாட்டேன் என்றது. "மலை போதும்" என்று சொல்லி, கீழே பனங்காட்டிலேயே இருந்துவிட்டது. அந்தப் பொட்டலம் தீர்ந்த பிறகு டீ குடிக்க வழியில்லாமல் ரெண்டு நாள் தலைவலியில் கிடந்ததாக அப்பா சொல்வார்.

ஏன்னா நம்ம கரையில் டீ பழக்கமும் ரொம்பப் பழையது கிடையாது. தேயிலை இங்கே விளைந்தாலும் கப்பலேறிப் போகிற சரக்காகத்தான் இருந்தது. 1903-ல் தேயிலை மீது ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்ய ஆரம்பித்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டு வியாபாரம் படுத்ததும் விளம்பரம் சூடு பிடித்தது. சந்தையிலும் ரயில் நிலையத்திலும் டீ போட்டுக் காட்டிப் பழக்கினார்கள். அதே பத்தாண்டில் அசாமில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி இயந்திரம் வந்தது. சின்னச் சின்னக் குருணையாக, கொஞ்சம் போட்டாலே கடும் சாயம் இறங்குகிற டீ. பால், சீனி, பாய்லர், பித்தளை டம்ளர் எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. நம்ம டீக்கடை சீமாட்டியின் மேசையைப் பார்த்துக் காப்பியடித்ததில்லை. ஏற்றுமதி போக மிஞ்சிய சரக்கிலும் தூளிலும் நாமே கண்டுபிடித்த ருசி அது.

எந்தத் தோட்டம்?

நுவரெலியாவில் அன்று எழுந்து வரும்போது அந்தத் தம்பியிடம் கேட்டேன், வீட்டில் யாராவது இன்னும் கொழுந்து எடுக்கிறார்களா என்று. "அம்மா எடுக்குறாங்கண்ணே" என்றார். "இங்க வந்து டீ குடிச்சிருக்காங்களா?" என்று வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டேன். அவர் வேலை பார்க்கிற இடத்தில் வைத்து அதைக் கேட்பது மரியாதை இல்லை. 2003-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு, மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அவர் அந்த நாட்டுப் பிரஜை. அந்த மேசையும் இப்போது அவருடைய நாட்டு மேசைதான். நான் தான் விருந்தாளி.

ஊர் திரும்பிய மறுவாரம் மண்டபம் கேம்ப் ஸ்டேஷன் பக்கம் போனேன். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிருக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியதும் அந்த முகாமில்தான். இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வேலைக்காகப் போனவர்கள், ஒப்பந்தத்தில் வந்தவர்கள், போருக்குப் பயந்து வந்தவர்கள் என்று மூன்று கூட்டத்தை அந்த ஒரே இடம் பார்த்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

மணி நாலு. ரோட்டோரக் கடையில் ஒரு டீ சொன்னேன். கூட ஒரு பருப்பு வடை. மீன் ஏலம் முடித்துவிட்டு வந்த ரெண்டு அக்கா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, யாருக்கும் பயப்படாமல், ஏலத்தில் ஏமாற்றியவனைத் திட்டிக்கொண்டு. தேநீர்க் கூடம் என்றால் இதுவும்தான் என்று தோன்றியது.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரணில், பழைய பெட்டியில், அப்பத்தா அம்மாச்சி சுருக்குப்பையில் தகர டிக்கெட்டோ, துண்டுக் காகிதமோ, பேமிலி கார்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீங்க. போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. யார் போட்டுக்கொண்டார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று தெரிந்தவரை எழுதுங்க. பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. எங்க அப்பத்தாவிடம் தோட்டத்தின் பேரை நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. "தலவாக்கலை பக்கம்" என்பதோடு நின்றுவிட்டது. மலை முழுக்கப் பச்சையாக இருந்தது, எது அப்பத்தாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த எபிசோடில் தனுஷ்கோடியைப் பற்றி, புயலுக்கு முந்தைய அந்த ஊரில் தினசரி வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைப் பற்றிப் பேசுவோம். அதுவரைக்கும் வணக்கம்.